ஆடாத தொட்டிலும் அசையாத ஆடவரும்

மலடி!

மூன்றே எழுத்துத்தான். ஆனால் மீன் வெட்டும் கத்தியினும் கூர்மையான மூன்றெழுத்து. குழாயடியில் குடம் ஒன்று இடம் மாறினால் போதும், பாய்ந்து வருகிறது அந்தச் சொல். வளைகாப்பு வீட்டில் சந்தனக் கிண்ணம் ஒவ்வொருத்தியாகத் தாண்டி வந்து, ஒருத்திக்கு முன்னால் மட்டும் தயங்குகிறதே, அந்தத் தயக்கத்திலே ஒளிந்திருக்கிறது அந்தச் சொல். மாமியார் வாயில் ஒருமுறை, நாத்தனார் வாயில் இருமுறை, குடித்துவிட்டு வந்த கணவன் வாயில் நூறுமுறை!

மலடன் என்றொரு சொல்லும் தமிழில் உண்டு. அகராதியில் உண்டு, தெருவிலே இல்லை. இராயபுரத்திலே இல்லை, தண்டையார்பேட்டையிலே இல்லை, திருவொற்றியூரிலே இல்லை, எண்ணூரிலே இல்லை. ஏன் இல்லை? ஆடவரில் அந்தக் குறை உடையோர் இல்லையா? இருக்கிறார்கள். ஏராளமாக இருக்கிறார்கள். சோதித்துப் பார்க்க வருவோர்தாம் இல்லை!

தோழர்களே! மேடையிலே பேசப்படாத ஒரு வழக்கைப் பற்றி இன்று பேசப்போகிறோம். கதவைச் சாத்திக்கொண்டு, பெண் ஒருத்தியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி, சாட்சியம் கேளாமலே தீர்ப்பளிக்கும் வழக்கு இது. அந்த வழக்கிலே அவளுக்குத் துணையாக நிற்கும் இன்னொரு பெண்ணைப் பற்றியும் பேசப்போகிறோம். அவள் பேர் எந்தச் சுவரொட்டியிலும் வராது. கருத்தரிப்பு மையத்திலே கோப்பும் கையுமாக நடமாடும் ஒருங்கிணைப்பாளர் அவள். மருந்து பாதி, அவள் பாதி. அந்த இரண்டு பாதியும் உழைப்பாளி வீட்டுக்கு எட்ட வேண்டும் என்பதே நம் வாதம்.

குறை யாரிடம்?

உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் ஒரு கணக்கை வெளியிட்டது. உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் குழந்தைப் பேறின்மைக்கு ஆளாகிறார் என்பது அந்தக் கணக்கு. ஏழை நாடு, செல்வ நாடு என்ற பேதம் அதிலே பெரிதாக இல்லை. ஆறில் ஒருவர் என்றால், நம் தெருவிலே உண்டு. நம் கிளைக் கழகத்திலே உண்டு. ஏன், ஒரே ஷிப்டில் நம்மோடு வேலை செய்வோரிலே உண்டு.

காரணம் அவளிடம் மட்டுமா? குழந்தையில்லா இணையரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் குறையும் சேர்ந்திருக்கிறது என்கிறது மருத்துவம். தனியாகவோ, பெண்ணின் குறையோடு கலந்தோ. பாதிப் பழி அவனுக்கு உரியது. முழுப் பழியையும் சுமப்பவள் அவள். பங்காளி பங்கைக் கேட்டால் பஞ்சாயத்து வைக்கும் நாம், இந்தப் பங்கை மட்டும் பெருந்தன்மையோடு அவளுக்கே விட்டுக்கொடுத்துவிடுகிறோம்!

"நீயும் ஒருவாட்டி டெஸ்ட் எடுத்தா இன்னாய்யா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறாள் மனைவி.

"எனக்கா? எனக்கு இன்னாடி கொறை? ஒண்டி ஆளா நின்னு லாரி டயரக் கழட்டி மாட்றவன் நானு!" என்று சீறுகிறான் கணவன்.

தோழரே, தோளின் வலிமை வேறு; விந்தணுவின் கணக்கு வேறு. மார்பை நிமிர்த்திக் காட்டினால் நுண்ணோக்கி மயங்கிவிடுவதில்லை. விந்தணு உருவாக உடலின் சூட்டைவிட இரண்டு முதல் நான்கு பாகை வரை குறைவான சூடு வேண்டும். அதனாலேதான் இயற்கை அந்த உறுப்பை உடலுக்கு வெளியே வைத்தது. உலைக்களத்து முன்னால் எட்டு மணி நேரம் நிற்பவனுக்கும், கன்டெய்னர் லாரியின் எஞ்சின் சூட்டிலே எண்ணூர் சாலையில் வரிசை கட்டிக் காத்துக்கிடப்பவனுக்கும் அந்தக் குளிர்ச்சி கிட்டுமா? பீடியும் சிகரெட்டும், கன்னத்திலே அதக்கும் மாவாவும் விந்தணுவைக் கெடுக்கும். சாராயம் கெடுக்கும். உடம்பு ஏற வேண்டும் என்று உடற்பயிற்சிக் கூடத்திலே இரகசியமாகப் போட்டுக்கொள்ளும் ஆண்மை ஊசி இருக்கிறதே, அது விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடியது. ஆண்மை என்று பெயர்; அது செய்வதோ ஆண்மைக்கு எதிர்!

ஆனால் இதிலே ஒரு நல்ல செய்தியும் உண்டு. புதிய விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். இன்று மாவாவைத் துப்பினால் மூன்று மாதத்தில் மாற்றம் தெரிய வாய்ப்புண்டு. முதற்சோதனைக்கு ஊசி இல்லை, கத்தி இல்லை, வலி இல்லை. இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டு, மாதிரியை ஒரு மணி நேரத்துக்குள் கூடத்திலே கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். இதற்கு அஞ்சுகிற வீரன், அவளை மட்டும் கருப்பைக்குள் சாயம் செலுத்திப் படம் எடுக்கவும், வயிற்றுக்குள் நோக்குக் கருவி போட்டுப் பார்க்கவும் அனுப்பி வைக்கிறான்!

பெண்ணிடத்திலே குறை இருந்தால்? அதிலும் அவள் குற்றம் என்ன? கருக்குழாய் அடைபட்டிருக்கலாம். நம் நாட்டிலே அதற்கு ஒரு முக்கியக் காரணம் காசநோய். இருமல் இல்லாமல், சளி இல்லாமல், சத்தமே இல்லாமல் கருக்குழாயைப் போய்ப் பற்றும் காசநோய். பத்துக்குப் பத்து அறையிலே ஆறு பேர் படுத்துறங்கும் வீட்டிலே, காற்று வராத சந்திலே வளர்வது அந்த நோய். அவளுக்கு நல்ல வீடு கொடுக்காத சமுதாயம், நல்ல காற்றுக் கொடுக்காத சமுதாயம், கடைசியில் அவளுக்குக் கொடுத்தது ஒரு பட்டம்: மலடி!

கலிபோர்னியாவில் ஒரு மதிய உணவு வேளை

இது வீட்டு வழக்கு மட்டுமன்று. தொழிற்சாலை வழக்கும் ஆகும். சான்று வேண்டுமா? அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லேத்ராப் என்றோர் ஊர். அங்கே ஆக்சிடென்டல் நிறுவனத்தின் பூச்சிமருந்து ஆலை. 1977-ஆம் ஆண்டு. அங்கே வேலை செய்த ஆண்கள் தமக்குள்ளே பேசிக்கொண்டபோது ஓர் உண்மை புலப்பட்டது: ஒரே பிரிவில் வேலை செய்வோர் பலருக்குக் குழந்தை பிறக்கவில்லை. ஒருவன் பேசாமல் இருந்தால் அது அவன் விதி. இருவர் பேசினால் அது தற்செயல். எல்லாரும் பேசியபோது அது ஆதாரமாயிற்று! தொழிற்சங்கம் முன்னின்றது, சோதனை நடந்தது. டி.பி.சி.பி. என்ற நச்சு மருந்து விந்தணுவை அழித்திருக்கிறது என்பது வெளியாயிற்று. 1979-க்குள் அமெரிக்க நிலப்பரப்பில் அந்த மருந்தின் பயன்பாடு ஏறத்தாழ முற்றாக நிறுத்தப்பட்டது.

எண்ணிப் பாருங்கள். அந்த ஆண்கள் நம்மவரைப்போல மீசையை முறுக்கி, "எனக்கு இன்னா கொறை?" என்று எழுந்து போயிருந்தால்? அந்த நஞ்சு இன்னும் எத்தனை தொட்டில்களைத் தின்றிருக்கும்! அவர்தம் மனைவியர் எத்தனை கோயில்களைச் சுற்றியிருப்பர்! கூச்சத்தை விட்டுப் பேசியது அவர்கள் செய்த முதல் போராட்டம். மணலியிலே இரசாயனத்தோடும், வார்ப்படச் சாலையிலே சூட்டோடும், பட்டறையிலே ஈயத்தோடும் உழைக்கும் தோழர்கள் அந்த மதிய உணவு வேளையை மறக்கலாகாது.

கோப்பு சுமக்கும் தோழி

இனி அந்தத் தோழியைப் பார்ப்போம். கோஆர்டினேட்டர் என்பார்கள் அவளை. சில இடங்களில் கவுன்சிலர் என்பார்கள். கவுன்சிலர் என்றதும் நம் வட்டச் செயலாளர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டாம். இது வாக்குக் கேட்டு வாங்கும் பதவியன்று! பெரும்பாலும் செவிலியர் படிப்போ, பட்டப் படிப்போ முடித்த பெண். மருத்துவர் ஒரு நாளைக்கு எத்தனையோ பேரைப் பார்க்கிறார். ஒருவருக்குப் பத்து நிமிடம் கிடைத்தால் பெரிது. அந்தப் பத்து நிமிடத்திலே சொன்னதை, வீடு வரைக்கும் புரியவைக்கும் பொறுப்பு இவளுடையது.

சோதனைக்குழாய்க் குழந்தை என்று ஒரு சொல்லில் சொல்லிவிடுகிறோம். அதன் பாதை எத்தகையது தெரியுமா? மாதவிலக்கின் இரண்டாம் நாள் ஸ்கேன். பிறகு பத்துப் பன்னிரண்டு நாள், நாள்தோறும் ஊசி. பெரும்பாலும் அடிவயிற்றிலே, தோலுக்கடியிலே. இரண்டு மூன்று நாளுக்கொரு முறை மீண்டும் ஸ்கேன், இரத்தச் சோதனை. கருமுட்டைகள் பருவத்துக்கு வந்ததும் கடைசியாக ஓர் ஊசி. அதைப் போட்ட முப்பத்துநான்கு முதல் முப்பத்தாறு மணி நேரத்திற்குள் மயக்கம் கொடுத்து முட்டைகளை எடுத்துவிட வேண்டும். அன்றே கணவனின் விந்து. கூடத்திலே கரு உருவாகி, மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ கருப்பையில் வைக்கிறார்கள். அதன் பிறகு இரண்டு வாரம் காத்திருப்பு. கடைசியில் ஒரு சொட்டு இரத்தம் சொல்லும்: உண்டு, அல்லது இல்லை.

இந்தப் பாதையை வடசென்னை வீட்டிலே வைத்துப் பாருங்கள். ஊசி மருந்து சிலவற்றைக் குளிர்ப்பெட்டியிலே வைக்க வேண்டும். குளிர்ப்பெட்டி இல்லாத வீடு என்றால்? பக்கத்து வீட்டிலே வைத்தால் "இன்னா மருந்து அது?" என்று தெருவே கேட்கும். கடைசி ஊசி இரவு பத்தரை மணிக்கு என்றால், கணவன் இரவு ஷிப்டில் இருப்பான், யார் போடுவது? ஒரு மணி நேரம் தவறினாலும் அத்தனை நாள் உழைப்பும் பாழாகக்கூடும். கடன் வாங்கிய காசும் கரைந்து போகும்.

இந்த இடத்திலேதான் அவள் வருகிறாள். "அக்கா, தெர்மோகோல் டப்பாவுல ஐஸ் போட்டு எடுத்துக்கினு போங்க, மாத்தறதுக்கு இன்னொரு ஐஸ் பேக்கும் தரேன். ராத்திரி ஊசிக்கு உங்க வீட்டாண்ட இருக்கற ஆஸ்பத்திரி நர்ஸ்கிட்ட பேசிட்டேன். பத்து மணிக்கு நானே போன் பண்றேன்" என்கிறாள். இது மருத்துவப் புத்தகத்தில் இல்லாத மருத்துவம்!

வயிறு உப்பினாலோ, மூச்சுத் திணறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ பொறுத்திருக்கக் கூடாது, உடனே ஓடிவர வேண்டும் என்று எச்சரிப்பவள் அவள். ஊசிகளின் விளைவாகச் சிலருக்கு அப்படி ஆபத்து நேர்வதுண்டு. மாமியார் கூடவே வந்து, "எம் புள்ளைக்கு ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டால், ஒருவர் சோதனை முடிவை இன்னொருவரிடம் சொல்லாமல் காப்பவளும் அவள். "அண்ணே, நீங்க தப்பா எடுத்துக்காதீங்க, அக்காவுக்கு எட்டு டெஸ்ட் ஆச்சு, உங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதான்" என்று முறைத்து நிற்கும் கணவனைச் சோதனைக் கூடத்துக்கு அழைத்துப் போகிறவளும் அவளே. மருத்துவர் ஆணையிட்டால் வராதவன், தங்கை போன்ற ஒருத்தி கேட்டால் வருகிறான்.

எல்லாவற்றினும் கடினமானது எது தெரியுமா? பதினான்காம் நாள். ஒரு முறைச் சிகிச்சையிலேயே குழந்தை கிட்டுவது பாதிக்கும் குறைவானவர்களுக்கே. வயது ஏற ஏற அதுவும் குறையும். ஆகவே அவள் அழைக்கும் அழைப்புகளில் பெரும்பாலானவை துக்கச் செய்தியே. அந்தச் செய்தியைத் தொலைபேசியிலே எறிந்துவிட்டு அடுத்த கோப்பை எடுப்பதும் உண்டு. "நாளைக்கு வாங்கக்கா, உக்காந்து பேசலாம். நீங்க எதுவும் தப்புப் பண்ணல. மாடிப்படி ஏறினதால ஆகல, அழுததால ஆகல" என்று சொல்வதும் உண்டு. முன்னது வேலை; பின்னது தொண்டு. தோற்ற நாளில் தோளைத் தொடுகிற கை இருந்தால்தான், அவள் வீடு திரும்பி அந்த மூன்றெழுத்தை எதிர்கொள்ள முடியும்.

மில் ஊர்களில் பிறந்த மருத்துவம்

"இதெல்லாம் பணக்காரர் வைத்தியம், நமக்கேன்?" என்று சலித்துக்கொள்ளும் தோழர் உண்டு. அவருக்கு வரலாற்றைச் சொல்கிறோம்.

உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயி பிரவுன் 1978 ஜூலை 25-ஆம் நாள் பிறந்தாள். எங்கே? இலண்டன் மாளிகையிலா? இல்லை. இங்கிலாந்தின் ஓல்டாமிலே, பஞ்சாலைப் புகைபோக்கிகளுக்குப் பேர்போன தொழிலாளர் ஊரிலே, அரசின் பொது மருத்துவமனையிலே. தந்தை யார்? பிரபுவா? இரயில்வேயிலே லாரி ஓட்டியவர்! தாய்க்குக் கருக்குழாய் அடைப்பு. ஒன்பது ஆண்டுக் காத்திருப்பு. ஆய்வுக்குப் பணம் கேட்டபோது இங்கிலாந்தின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1971-இல் கைவிரித்தது. ஆயினும் அவர்கள் விடவில்லை.

அவர்கள் என்றால் மூவர். எட்வர்ட்ஸ் என்ற அறிவியலார், ஸ்டெப்டோ என்ற மருத்துவர், மூன்றாமவர் ஜீன் பர்டி. செவிலியர் பயிற்சி பெற்ற பெண். கேம்பிரிட்ஜிலிருந்து ஓல்டாமுக்கு நூற்றைம்பது மைலுக்கு மேல். அந்தத் தொலைவைப் பல்லாண்டு கடந்து கடந்து ஆய்வுக்கூடத்தை நடத்தியவர், ஏடுகளைக் காத்தவர், லூயியாக வளரப்போகும் கரு பிளவுபடுவதை முதன்முதல் கண்டவர். தாயார் நோயுற்று அவர் வர இயலாதபோது வேலையே நின்றுபோயிற்று. அப்படிப்பட்டவருக்கு என்ன மரியாதை? ஓல்டாமில் கல்வெட்டு வைத்தபோது ஆண்கள் இருவர் பேர் இருந்தது. அவர் பேர் இல்லை. எட்வர்ட்ஸ் கடிதம் எழுதி வாதாடியும் இல்லை. 1985-இல், முப்பத்தொன்பது வயதிலே மறைந்தார். எட்வர்ட்சுக்கு 2010-இல் நோபல் பரிசு. பர்டியின் பேர் அங்கே கல்லிலே ஏற 2015 ஆயிற்று.

அன்று ஓல்டாமிலே மறைக்கப்பட்ட அந்தப் பெண்ணின் தங்கைதான், இன்று நம் மையத்திலே கோப்போடு நிற்பவள்.

இந்தியாவுக்கு வாருங்கள். கல்கத்தாவிலே டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய், லூயி பிறந்த எழுபதாம் நாள், 1978 அக்டோபர் 3-இல், இம்முறையிலே ஒரு பெண் குழந்தையைப் பிறக்கச் செய்தார். பாராட்டினார்களா? அரசு குழு அமைத்தது, குழு நம்ப மறுத்தது, இடமாற்றம் கிடைத்தது. 1981-இல் அந்த மேதை தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அறிவு இருந்தது, துணை நிற்க ஆளில்லை! பிறகு 1986 ஆகஸ்ட் 6-இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையிலே டாக்டர் இந்திரா இந்துஜாவும் அறிவியலார் ஆனந்த் குமாரும் வெற்றி கண்டனர். அதே ஆனந்த் குமார், 1997-இல் முகோபாத்யாயின் குறிப்புகளைப் படித்துவிட்டு, "முதல்வர் நானல்லன், அவரே" என்ற கருத்தை உலகறியச் சொன்னார். அதுவன்றோ பண்பு!

கே.இ.எம். யாருடையது? பம்பாய் மாநகராட்சியுடையது. எங்கே இருக்கிறது? பரேலிலே, பஞ்சாலைத் தொழிலாளர் பகுதியிலே. ஓல்டாமும் மில் ஊர், பரேலும் மில் ஊர். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் முளைத்த நம் பெரம்பூரும் மில் ஊர்! தொழிலாளர் தெருவிலே, பொதுமக்கள் வரிப்பணத்திலே வளர்ந்த மருத்துவம் இது. இன்றோ பளிங்குத் தரைபோட்ட கட்டடத்திலே, குளிரூட்டிய அறையிலே, இலட்சங்களில் விலை பேசப்படுகிறது. நம் வீட்டுக் கன்று, யார் வீட்டுத் தொழுவத்திலோ கட்டப்பட்டிருக்கிறது. அவிழ்த்துக் கொண்டுவர வேண்டாமா?

தரகரிடம் ஏமாறாதீர்

ஆசை எங்கே உண்டோ அங்கே தரகன் உண்டு. 2022-இல் ஈரோட்டிலே பதினாறு வயதுச் சிறுமியின் கருமுட்டைகள் மீண்டும் மீண்டும் விற்கப்பட்ட கொடுமை வெளிப்பட்டது. ஏழைப் பெண்ணின் உடல் சந்தைச் சரக்காயிற்று! இதைத் தடுக்கவே 2021-இன் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம். கருமுட்டை தருபவள் இருபத்துமூன்று முதல் முப்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒருமுறைதான் தரலாம். மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். வெற்றி வாய்ப்பு, செலவு, பக்க விளைவு, ஆபத்து அனைத்தையும் இணையருக்கு விளக்க வேண்டும். கலந்தாலோசனை தர வேண்டும். எழுத்திலே ஒப்புதல் பெற வேண்டும். குறை கேட்கும் பிரிவு வைக்க வேண்டும். ஆணா பெண்ணா என்று தேர்ந்தெடுப்பது குற்றம்.

ஆகவே தோழர்களே, "நூற்றுக்கு நூறு உறுதி" என்று எவனாவது சொன்னால், அவன் மருத்துவன் அல்லன், வியாபாரி. பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். மொத்தச் செலவை எழுதி வாங்குங்கள். தோற்றால் அடுத்து என்ன என்று முதலிலேயே கேளுங்கள். துணை நிற்க வந்த ஒருங்கிணைப்பாளரை விற்பனைக்காரியாக்கி, மாதம் இத்தனை பேரைச் சேர்த்துவிடு என்று விரட்டும் இடமாயின், அங்கே அவளும் அடிமை, நீங்களும் இரை.

நாம் கேட்பது என்ன?

1844 முதல் தாய்மார்களைக் காத்துவரும் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில், 2024-இல் அரசின் செயற்கைக் கருத்தரிப்பு மையம் தொடங்கப்பட்டது. வரவேற்கிறோம், வாழ்த்துகிறோம். ஆனால் எண்ணூர்ப் பெண், இரண்டு மூன்று நாளுக்கொரு முறை ஸ்கேனுக்காகப் பேருந்து பிடித்து விம்கோ நகர் வந்து, மெட்ரோ ஏறி, சென்ட்ரலிலே மாறி, எழும்பூர் சேர வேண்டும். அவள் ஒரு நாள் கூலியும் போயிற்று. அவள் கணவன் கூலியும் போயிற்று. தலைமுறை தலைமுறையாக நாம் பிறந்து விழுந்த இராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனை இங்கேயே இருக்கிறது, ஸ்டான்லி இருக்கிறது. முட்டை எடுப்பதும் கரு வைப்பதும் எழும்பூரிலே நடக்கட்டும். ஊசியும் ஸ்கேனும் இரத்தச் சோதனையும் இங்கேயே நடக்கக் கூடாதா? இது முதல் கோரிக்கை.

இரண்டாவது, இத்தகைய அரசு மையம் ஒவ்வொன்றிலும் நிரந்தரப் பணியிலே ஒருங்கிணைப்பாளர்கள் வேண்டும். கருவிக்குக் கோடி ஒதுக்குகிறோம்; அந்தக் கருவியிடம் அவளைக் கைப்பிடித்து அழைத்துவரும் பெண்ணுக்குக் காசில்லை என்பது எந்தக் கணக்கு?

மூன்றாவது, விடுப்பு. கருத்தடை அறுவை செய்துகொண்டால் பெண் தொழிலாளிக்கு இரண்டு வாரம் ஊதியத்தோடு விடுப்பு என்று மகப்பேறு நலச் சட்டத்தில் இடம் பெற்றது; இன்றைய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. நல்லதே. குழந்தை போதும் என்பவளுக்கு விடுப்பு உண்டு. குழந்தை வேண்டும் என்று சிகிச்சைக்குப் போகிறவளுக்கு? அவளுக்கும் வேண்டும், சோதனைக்குப் போகும் ஆணுக்கும் வேண்டும். நான்காவது, காப்பீடு. மத்திய அரசு ஊழியருக்கு ஒரு சுழற்சிக்கு 65,000 ரூபாய் வரை, மூன்று சுழற்சிக்கு ஈடு தரலாம் என்று 2011-இலேயே ஆணை பிறந்தது. அலுவலக நாற்காலிக்கு உள்ள உரிமை, ஆலைத் தரைக்கு வேண்டாமா?

"மக்கள் தொகை பெருத்த நாட்டிலே இது தேவையா?" என்று அறிவாளி ஒருவர் கேட்பார். ஐயா, தமிழ்நாட்டிலே ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு காட்டியது. நாம் இருவர் நமக்கு இருவர் என்று சொன்னதும் கேட்டு நடந்த மக்கள் இவர்கள். போதும் என்று சொல்ல வீடு வீடாகச் செவிலியரை அனுப்பத் தெரிந்த அரசுக்கு, ஒன்றுகூட இல்லாதவள் வீட்டுக்கு ஒரு தோழியை அனுப்பத் தெரியாதா? எத்தனை பெறுவது என்பது மட்டும் குடும்ப நலமன்று. விரும்பியவர் பெற முடிவதும் குடும்ப நலமே.

அரசைக் கேட்டோம். இனி உங்களைக் கேட்கிறோம். படிப்பகத்திலே பத்திரிகை விரித்திருக்கும் தோழர்களே! குழந்தையில்லா இணையர் இருந்தால், முதற்சோதனைக்கு ஆண் போகட்டும். சங்கக் கூட்டத்திலே கூலியைப் பேசுவதுபோல், வேலையிடத்துச் சூட்டையும் நஞ்சையும் வாய்விட்டுப் பேசுங்கள். எலுமிச்சம்பழத்துக்கும் தாயத்துக்கும் ஆண்டுகளைத் தொலைக்காதீர்கள்; அவள் வயது காத்திருக்காது. மையத்துக்குப் போகையிலே அவளைத் தனியே அனுப்பாதீர்கள். அங்கே கோப்போடு நிற்கும் பெண்ணை "ஏம்மா, எவ்வளவு நேரம்?" என்று அதட்டாதீர்கள்.

எல்லாம் செய்தும் தொட்டில் ஆடாமற் போகலாம். போகட்டுமே! ஆதரவற்ற குழந்தை ஒன்றைச் சட்டப்படி தத்தெடுத்து வளர்க்கலாம். இருவராகவே இன்புற்று வாழலாம். பேரறிஞர் அண்ணாவுக்கும் இராணி அம்மையாருக்கும் பெற்ற பிள்ளை இல்லை. தமக்கையாரின் பேரப்பிள்ளைகளையே தம் பிள்ளைகளாக வளர்த்தார்கள். 1969-இல் அந்த மனிதர் மறைந்தபோது கடற்கரை நோக்கி ஓடிய கூட்டத்திலே, அவரைப் பிள்ளையில்லாதவர் என்று சொல்ல எந்த நாவுக்குத் துணிவு இருந்தது?

பெற்றால்தான் பெண் என்பது பழைய பஞ்சாங்கம். பெற விரும்புகிறவளுக்கு வழி திறப்பது அரசின் கடமை. வழிநெடுகக் கூட நடப்பது கணவனின் கடமை. நடக்கையில் தாங்குகிறவளை மதிப்பது நம் அனைவர் கடமை. தொட்டில் ஆடட்டும். ஆடாவிட்டாலும் அவள் தலை நிமிரட்டும். அந்த மூன்றெழுத்தை வடசென்னையின் தெருக்களிலிருந்து துடைத்தெறிவோம். அகராதியிலே கிடந்து தூசி படியட்டும்!